பென்ஃபீல்டின் பணம் யாருடையது?

1776 கோடையில் புனித ஜார்ஜ் கோட்டை ஆட்சிக்குழுவின் முன் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பால் பென்ஃபீல்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ்நிலை ஊழியர். தஞ்சாவூர் வருவாயின் மீது ஆற்காட்டு நவாப் தனக்கு எழுதிக்கொடுத்த பாத்தியதை 1,62,000 பவுண்டு என்றார். தஞ்சைக் குடிகள் தனித்தனியாகத் தனக்குத் தரவேண்டியது இன்னும் 72,000 பவுண்டு என்றார். மொத்தம் 2,34,000 பவுண்டு. அவருடைய சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டுதான்.

இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள பள்ளம்தான் என்னை இந்த வேலைக்குள் இழுத்தது. பொருளாதார வரலாற்றில் வணிகத்துக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி நிறையக் கோட்பாடுகள் உண்டு. அரசு வணிகரை வளர்க்கிறது, வணிகர் அரசை வளைக்கிறார் என்று இரண்டு தரப்பையும் தனித்தனியே நிறுத்திப் பேசுவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையில் அப்படிப் பிரித்து நிறுத்த முடியவில்லை. வரி கேட்டுக் கடிதம் எழுதுபவரும், அந்த வரியைக் கட்டக் கடன் கொடுப்பவரும், கடன் செல்லுமா என்று வாக்களிப்பவரும் ஒருவராகவே இருந்தார்கள். நான் தேடியது ஒரு சின்னக் கேள்விக்கான விடை: பென்ஃபீல்டு கொடுத்ததாகச் சொன்ன பணம் எங்கிருந்து வந்தது?

முதல் இடம் எழும்பூர் ஆவணக் காப்பகம். மதராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்ற பெயரில் 1909இல் எழுந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில், கோட்டை ஆட்சிக்குழுவின் நடவடிக்கைப் பதிவுகள் தடித்த தொகுதிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் விஷயச் சுருக்கம், நடுவில் எழுத்தரின் சாய்ந்த கையெழுத்தில் கடிதங்களின் நகல், கூட்டம் முடிந்த இடத்தில் உறுப்பினர்களின் கையொப்பங்கள் வரிசையாக. வாசிக்கிறவர் பெரும்பாலும் நடுப்பகுதியைத்தான் படிப்பார். நான் கையொப்பங்களை முதலில் பார்க்கப் பழகிக்கொண்டேன். இன்றைக்கு யார் வந்தார், யார் வரவில்லை, எதிர்த்து எழுதிவைத்தவர் யார் என்பதில்தான் இந்த வழக்கின் பாதி இருக்கிறது.

பென்ஃபீல்டிடம் ஆட்சிக்குழு ஆதாரம் கேட்டது. நவாப் ஒப்புக்கொள்கிறார், தஞ்சாவூர்க் கச்சேரிக் கணக்குகளில் பதிவு இருக்கிறது என்பதே அவர் கொடுத்த பதிலின் சாரம். குடிகளுக்குக் கொடுத்ததாகச் சொன்ன கடனுக்கு அவர் முன்வைத்த தனிப் பத்திரம் எதுவும் இல்லை. ஆட்சிக்குழு முதலில் ‘இந்த உரிமை போதுமான அளவு விளக்கப்படவில்லை’ என்று ஒதுக்கியது. சில நாட்களுக்குள் அதே குழு, அதே விஷயத்தை, மறுபடி எடுத்தது. விதைப்பு நடந்தபோது தஞ்சாவூர் நவாபின் கையில் இருந்தது, ஆகவே விளைச்சல் அவருக்கு உரியது, அவர் எழுதிக்கொடுத்தது செல்லும் என்று பெரும்பான்மை மாறி முடிவு செய்தது. இடையில் வந்து சேர்ந்த புதிய சான்று எதையும் பதிவில் காணவில்லை. மாறியது வாக்கு மட்டும்.

இதற்குப் பின்னணி தெரியாமல் அந்த வாக்கு விளங்காது. நவாப் முகமது அலி வாலாஜா 1773இல் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்து, மராத்திய அரசர் துளஜாஜியைச் சிறைவைத்தார். லண்டனிலிருந்த இயக்குநர்கள் அதை ஏற்கவில்லை. அரசரைத் திரும்ப அமர்த்தும்படி உத்தரவு கொடுத்து லார்டு பிகட்டை இரண்டாம் முறை ஆளுநராக அனுப்பினார்கள். 1775 டிசம்பரில் வந்த பிகட், 1776 ஏப்ரலில் தானே தஞ்சாவூர் போய் அரசரைப் பீடத்தில் அமர்த்தினார். அறுவடைக்கு நின்ற நெல் இப்போது அரசருடையதா, நவாபுடையதா, நவாபுக்குக் கடன் கொடுத்தவருடையதா? கேட்டவர் பென்ஃபீல்டு. தஞ்சாவூர் கைமாறியதில் ஈடு இழந்தவர்கள் அவருக்குப் பின்னால் பலர்.

காவிரிக் கழனியில் மேல்வாரம் என்பது அரசுக்குச் சேரும் பங்கு, குடிவாரம் உழுதவருடையது. நவாப் அடகு வைத்தது அந்த மேல்வாரத்தை. வயலில் நெல் பால்பிடிப்பதற்கு முன்பே அதன் அரசுப் பங்கு சென்னையில் ஒரு காகிதமாகி, கைமாறி, வட்டியும் ஏறிக்கொண்டிருந்தது. தஞ்சைக் குடிகள் பெயரில் பென்ஃபீல்டு எழுதிய அந்த 72,000 பவுண்டைப் படிக்கும்போதெல்லாம், யாருடைய பெயர்கள் அவை என்று தேடிப் பார்க்கிறேன். கோட்டையின் பதிவில் அவை தொகையாகவே நிற்கின்றன.

பிறகு நடந்தது பலருக்குத் தெரிந்த கதை. தஞ்சாவூரில் கம்பெனியின் பிரதிநிதியாக யாரை அனுப்புவது என்பதில் சண்டை முற்றியது. பிகட்டின் ஆள் கிளாட் ரசல். எதிர்த்தரப்பின் ஆள் படைத்தலைவர் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அந்தப் பதவியில் இருப்பவர் கையில்தான் அறுவடையின் திறவுகோல். பிகட் தனக்கு எதிரான உறுப்பினர்களை இடைநீக்கம் செய்தார். 1776 ஆகஸ்டு 24ஆம் தேதி மாலை, ஆளுநரின் வண்டியில் அவருக்குப் பக்கத்திலேயே ஸ்டூவர்ட் உட்கார்ந்திருக்க, தோட்ட மாளிகைக்குப் போகும் வழியில் சிப்பாய்கள் வண்டியை மறித்து ஆளுநரைக் கைது செய்தார்கள். பரங்கிமலையில் காவலில் வைத்தார்கள். 1777 மே 11ஆம் தேதி காவலிலேயே இறந்தார். கைதுக்குப் பொறுப்பான நால்வர் — ஸ்ட்ராட்டன், புரூக், ஃபிளாயர், மெக்கே — லண்டனில் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. தண்டனை ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம்.

கடனுக்காக ஆளுநரையே கைது செய்தார்கள் என்று ஒரே வரியில் முடிப்பது எளிது. பிகட்டும் வெறுங்கையோடு வந்தவர் அல்லர். 1763இல் முதல் முறை பதவி முடிந்து போகும்போது பெருஞ்செல்வத்தோடு போனவர். அவர் பெயரால் ஒரு வைரமே உண்டு. அவரை நீதிமானாகவும் எதிரிகளைக் கொள்ளையராகவும் வரைந்தால் உண்மையான இயக்கம் கண்ணில் படாமல் போகும். இரண்டு தரப்புக்கும் தஞ்சாவூர் வருவாய் தேவைப்பட்டது. ஒரு தரப்பிடம் லண்டன் உத்தரவு இருந்தது, மற்றத் தரப்பிடம் நவாபின் கடன்பத்திரம் இருந்தது.

அந்தப் பத்திரங்கள் எப்படிப் பிறந்தன? சந்தா சாகிபோடும் பிரெஞ்சுக்காரரோடும் நடந்த போர்களில் முகமது அலிக்காகக் கம்பெனி சண்டை போட்டது. செலவை அவர் கணக்கில் எழுதியது. அதைத் தவணை தவணையாகக் கிஸ்தியாகக் கட்டவேண்டும். கெடு வரும்போது கஜானாவில் பணம் இருக்காது. கோட்டையின் ஊழியர்கள் தனிப்பட்ட முறையில் கடன் தருவார்கள். முதலில் அந்த வட்டி நூற்றுக்கு முப்பதைத் தாண்டியும் இருந்தது. பிறகு படிப்படியாக இருபதாகி, கடைசியில் பத்தானது. 1767இல் சிதறிக்கிடந்த கடன்களை ஒன்றாகத் திரட்டி ஒரே கணக்காக்கினார்கள். 1777இல் இன்னொரு திரட்டு.

நவாபை ஏமாளியாகக் காட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. பதிவுகளை ஊன்றிப் படித்தவர்கள் அதை ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை. அவர் ஆற்காட்டை விட்டு வந்து, 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டி, கோட்டைக்கு அருகிலேயே குடியேறினார். அந்த அரண்மனையையும் பென்ஃபீல்டுதான் கட்டினார் என்று சென்னையில் வழிவழியாகச் சொல்வார்கள். சேப்பாக்கத்தில் இருந்துகொண்டு நவாப் செய்தது அரசியல். தனக்குக் கடன் கொடுத்தவர் ஒவ்வொருவரும் தன் ஆட்சி நிலைக்கவேண்டும், தன் எல்லை விரியவேண்டும் என்று விரும்பும் ஆளாகிறார் என்பது அவருக்குத் தெரியும். கம்பெனி என்கிற அமைப்பு அவரை விழுங்க முயன்றது. கம்பெனியின் ஊழியர்களைத் தனக்குக் கடன் கொடுத்தவர்களாக்கி அந்த அமைப்பை உள்ளிருந்து தடுத்து நிறுத்தினார். தஞ்சாவூர் படையெடுப்புக்குக் கோட்டை ஒத்துழைத்ததும் இதனால்தான். நிலம் கூடினால் ஈடு கூடும்.

இப்போது பென்ஃபீல்டின் முதலுக்கு வருகிறேன். 1760களில் அவர் கம்பெனியின் பொறியாளர். பின்னர் ஒப்பந்தக்காரர் ஆனார். கோட்டை வேலைகளும், 1769 முதல் 1772 வரை, உள்ளூர் மக்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்தைச் சுற்றி எழுந்த மதிலும் அவர் ஒப்பந்தத்தில் நடந்தவை. அந்த மதிலின் எஞ்சிய துண்டு பழைய சிறைச்சாலை வீதியில் மாடிப்பூங்காவாக இன்றும் நிற்கிறது. வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரும் அந்த மதிலுக்காக நினைத்த வரியிலிருந்து வந்ததுதான். ஆக, முதல் ஊற்று அரசாங்க ஒப்பந்தம். கம்பெனியிடமிருந்து கட்டட வேலைக்கு வாங்கிய பணம், கம்பெனிக்கு நவாப் கட்டவேண்டிய கிஸ்திக்குக் கடனாகப் போய், கம்பெனி கஜானாவுக்கே திரும்புகிறது. போகும் வழியில் வட்டி ஒருவரிடம் தங்குகிறது.

ஆனாலும் மதில் லாபம் மட்டும் 2,34,000 பவுண்டுக்குக் காணாது. இரண்டாவது ஊற்றைக் காட்டுகிறவர்கள் சவுகார்கள் எனப்பட்ட உள்ளூர் லேவாதேவிக்காரர்கள். கிஸ்திக் கெடு வந்ததும் ஒரு சவுகார் ‘நான் கட்டுகிறேன்’ என்று பொறுப்புச் சீட்டு எழுதிக் கொடுப்பார். அதற்கு ஈடாகச் சில மாவட்டங்களின் வசூல் அவர் ஆட்களிடம் போகும். வட்டி ஆண்டுக்கு 24 சதவீதமும் அதற்கு மேலும். இந்தச் சீட்டுகளைச் சுற்றித்தான் கோட்டையின் நாணயமே நின்றது. வெள்ளைக்காரர் பெயரில் இருந்த கடனில் கணிசமான பகுதி உள்ளூர் முதல் என்று நான் முடிவுக்கு வந்ததற்குக் காரணம் எளிமையானது. நவாபின் மீது தன் பெயரில் வழக்காட ஒரு சவுகாரால் முடியாது. ஆட்சிக்குழுவில் நண்பர்கள் உள்ள ஓர் ஆங்கிலேயர் பெயரில் அதே பத்திரம் இருந்தால் அதற்கு அரசின் பலம் சேர்கிறது. பென்ஃபீல்டு விற்றது பணத்தைவிட அந்தப் பெயரைத்தான். சென்னையில் அன்று கிடைத்தற்கரிய சரக்கு அது.

ஆங்கிலேயருக்கும் சவுகாருக்கும் நடுவில் துபாஷிகள் எனப்பட்ட இருமொழித் தரகர்கள். இவர்கள் எழும்பூர்த் தொகுதிகளில் அநேகமாக நிழலாகவே வருகிறார்கள். ‘என்னுடைய துபாஷி’ என்று எழுதியிருப்பார்கள், பெயர் இருக்காது. விதிவிலக்கு அவதானம் பாப்பையர். 1789, 1790இல் ஆளுநர் பொறுப்பில் இருந்த ஹாலண்டு சகோதரர்களின் துபாஷி அவர். டேவிட் ஹாலிபர்ட்டன் என்ற வருவாய் வாரிய அதிகாரிக்கு எதிராகச் சதி செய்ததாக 1792இல் அவர் மீது வழக்கு நடந்து தண்டனை ஆனது. அந்த விசாரணை மறு ஆண்டே லண்டனில் புத்தகமாக அச்சாயிற்று. சூளையில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. ஆளுநர் வீட்டு வாசலில் யார் நிற்கலாம், எந்தக் கடிதம் உள்ளே போகலாம், எது போகக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எப்படிப் பணமாக மாறுகிறது என்பதை அந்த விசாரணை போல வேறெதுவும் எனக்குக் காட்டவில்லை. பென்ஃபீல்டு காலத்துக்குப் பிந்தியது என்றாலும் இயங்குமுறை அதேதான்.

மூன்றாவது ஊற்று காகிதமே. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து புதுப் பத்திரமாகும். உதவிக்கு நன்றியாக நவாப் தர விரும்பிய அன்பளிப்பைக் கையில் வாங்கினால் குற்றம். அதையே கடன் என்று எழுதிக்கொண்டால் சொத்து. 1777இல் எழுந்த குதிரைப்படைக் கடனின் கதையைப் பாருங்கள். நவாபின் குதிரைப்படையைக் கலைக்கவேண்டும் என்றது கம்பெனி. பாக்கிச் சம்பளம் தராமல் கலைக்க முடியாது. டெய்லர், மஜெண்டி, கால் என்ற மூவர் முன்வந்து, நான்கு லட்சம் வராகன் தருகிறோம், மாவட்ட வருவாயை எழுதிக்கொடுங்கள் என்றார்கள். வசூல் அவர்களிடம் போனது. வீரர்களின் பாக்கி நெடுங்காலம் தீரவில்லை. வரியை வசூலித்து, அந்த வரியிலிருந்தே கடனைக் ‘கொடுத்து’, கடனுக்கு வட்டியும் வாங்கினார்கள் என்று பாராளுமன்ற உறுப்பினர் எட்மண்டு பர்க் பின்னாளில் குற்றம் சாட்டினார். ஒரு வராகன் ஏறக்குறைய எட்டு ஷில்லிங். நான்கு லட்சம் வராகன் என்பது 1,60,000 பவுண்டு. லண்டன் கணக்கிலும் அதே தொகை அப்படியே ஏறியிருப்பதைக் காணலாம்.

லண்டன் பக்கம் போகாமல் இந்தக் கதை முடியாது. இந்தியா ஆபீஸ் பதிவுகள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ‘ஹோம் மிஸலேனியஸ்’ வரிசையில் கர்நாடகக் கடன் (நவாபின் ஆட்சிப்பகுதிக்கு அன்று கர்நாடகம் என்று பெயர்) பற்றிய கட்டுகள் உண்டு. அவற்றைப் புரட்டினால், சேப்பாக்கத்தின் கை எவ்வளவு நீளம் என்பது புரிகிறது. 1767இல் ஒரு கப்பலின் கணக்கராக வந்திறங்கிய ஜான் மெக்பர்சன், நவாபின் தூதராக லண்டன் திரும்பினார். இருபது ஆண்டுகள் முடிவதற்குள் அவர் தற்காலிகக் கவர்னர் ஜெனரல். நவாபின் இன்னொரு லண்டன் முகவர் ஜேம்ஸ் மெக்பர்சன், ஓசியன் கவிதைகளால் ஐரோப்பா முழுவதும் பேர்வாங்கியவர். அவர் 1780இல் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தார். அதே 1780இல் பென்ஃபீல்டும் கிரிக்லேடு தொகுதியின் உறுப்பினர் ஆனார். எட்டு உறுப்பினர்களை அவர் உள்ளே அனுப்பியதாகப் பர்க் சொன்னார். பென்ஃபீல்டின் லண்டன் முகவர் ரிச்சர்டு அட்கின்சன். அமெரிக்கப் போரில் படைக்கு ரம் சப்ளை செய்த ஒப்பந்தக்காரர். 1784 தேர்தலில் பிரதமர் இளைய பிட்டின் அணிக்காக வேலை செய்தவர்.

அந்தத் தேர்தலில் பிட் வென்றார். அந்த ஆண்டே அவருடைய இந்தியச் சட்டம் நிறைவேறியது. நவாபின் கடன்கள் எப்படி உண்டாயின, எவை உண்மை என்று இயக்குநர்கள் விசாரிக்கவேண்டும் என்று அந்தச் சட்டமே சொன்னது. இயக்குநர்கள் அதன்படி சென்னைக்கு ஒரு கடித வரைவு தயாரித்தார்கள். சட்டத்தின்படி அது புதிதாக உருவான கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதலுக்குப் போனது. வாரியத்தை நடத்தியவர் ஹென்றி டண்டாஸ். விசாரணை பற்றிய பகுதியை வாரியம் அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றை எழுதி அனுப்பியது. 1767 கடன் 8,80,000 பவுண்டு, குதிரைப்படைக் கடன் 1,60,000, 1777 திரட்டு 24,00,000 என்று கணக்கிட்டு, ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் வீதம் கட்டவேண்டும் என்றது. விசாரணை கிடையாது. கம்பெனிக்கு நவாப் தரவேண்டியதும் தனியாரின் கடனுக்குப் பின்னால் தள்ளப்பட்டது.

இந்த வேலையில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். சாதாரணமாக ஆவணங்களில் ஊழல் மறைந்திருக்கும், சுற்றிவளைத்துத் தேடவேண்டும். இங்கே ஒரு சட்டம் விசாரணையைக் கட்டளையிடுகிறது, ஓர் அலுவலகம் அதை எழுதுகிறது, இன்னொரு அலுவலகம் அடிக்கிறது. எல்லாம் காகிதத்தில் அப்படியே இருக்கிறது. வரைவையும் போன கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும்.

1785 பிப்ரவரி 28ஆம் தேதி இதைப் பற்றி ஆவணங்களைக் கேட்டு எதிர்க்கட்சியின் ஃபாக்ஸ் கொண்டுவந்த தீர்மானத்தின் மீது பர்க் பேசினார். ஆற்காட்டு நவாப் கடன் பற்றிய அந்தப் பேச்சு ஆங்கில அரசியல் இலக்கியத்தில் பெயர்போனது. தீர்மானம் தோற்றது. பேச்சை நான் மதிக்கிறேன். கர்நாடகத்தின் ஏரிகளும் கழனிகளும் அழிந்ததைப் பற்றி அந்த மண்டபத்தில் அப்படி யாரும் அதுவரை பேசியதில்லை. அதே சமயம், பர்க்கின் நெருங்கிய நண்பர் வில்லியம் பர்க் தஞ்சாவூர் அரசரின் லண்டன் முகவர் என்பதை மறந்துவிட்டு அந்தப் பேச்சைச் சான்றாக எடுக்கக்கூடாது. அதில் வரும் ஒவ்வொரு எண்ணையும் பிற பதிவுகளோடு ஒப்பிட்ட பிறகே நான் பயன்படுத்துகிறேன்.

பென்ஃபீல்டின் பணத்தைத் தொடர்ந்து போனவர்களுக்கு இன்னும் ஒரு திருப்பம் காத்திருக்கிறது. அவர் 1790களில் இங்கிலாந்தில் உட்ஹால் பார்க் என்ற பெரிய பண்ணையை வாங்கி, வால்ட்டர் பாய்டோடு சேர்ந்து பாய்டு, பென்ஃபீல்டு அண்டு கம்பெனி என்ற வங்கி நிறுவனத்தைத் தொடங்கினார். பிரான்சோடு போர் நடந்த காலம். பிட் அரசாங்கத்தின் போர்க்கடன்களைத் திரட்டிக்கொடுத்ததில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு. 1796இல் கடன் தவணை ஒன்றைக் கட்ட முடியாமல் நிறுவனம் தடுமாறியது. அப்போது கடற்படைப் பணத்திலிருந்து 40,000 பவுண்டு வட்டியில்லாமல் அதற்குக் கொடுக்கப்பட்டது. அனுமதித்தவர் பிட். கடற்படைப் பொருளாளர் அந்த டண்டாஸ்தான். 1805இல் டண்டாஸின் நிதி விவகாரங்களைத் துருவியபோது இது வெளியே வந்தது. பணம் திரும்பி வந்துவிட்டது என்றாலும், பிட்டைச் சட்டப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

1784இல் அடிக்கப்பட்ட கடித வரிகளுக்கும் 1796இன் 40,000 பவுண்டுக்கும் நேரடி ஒப்பந்தம் இருந்ததாக நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லக் காகிதம் வேண்டும். பிட், டண்டாஸ், பென்ஃபீல்டு என்ற அதே மூன்று பெயர்கள் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில், சென்னைக் கடனிலும் லண்டன் கடனிலும், அதே இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன என்பதைச் சொல்லமுடியும். தஞ்சாவூர் நெல்லின் பேரில் பிறந்த முதல் ஐரோப்பியப் போருக்குப் பணம் திரட்டும் தொழிலுக்குள் போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்லமுடியும். அந்த வங்கி நூற்றாண்டு முடிவதற்குள் நொடித்தது. பண்ணை கைமாறியது. பென்ஃபீல்டு 1810இல் பாரிஸில் வறுமையில் இறந்தார்.

கடன்களில் எவ்வளவு பொய் என்று அளக்க ஒரே ஒரு தராசு கிடைக்கிறது. 1801இல் கம்பெனி கர்நாடகத்தின் ஆட்சியை முழுதாக எடுத்துக்கொண்டது. நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் இப்போது கம்பெனியின் கதவைத் தட்டினார்கள். 1784இல் தீர்த்துவைத்ததாகச் சொன்ன கடன்களுக்குப் பிறகு முளைத்தவையும், அதில் சேராமல் நின்றவையும் இவற்றில் அடக்கம். 1805இல் கர்நாடகக் கமிஷனர்கள் நியமிக்கப்பட்டார்கள். இந்த முறை விசாரணை நடந்தது. பத்திரத்துக்குப் பத்திரம், சாட்சிக்குச் சாட்சி. 1814 வரை அவர்கள் தீர்ப்புச் சொன்ன கோரிக்கைகளின் மொத்தம் 2,03,90,570 பவுண்டு என்று வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மில் தொகுத்திருக்கிறார். உண்மை என்று ஏற்றது 13,46,796 பவுண்டு. தள்ளுபடி ஆனது 1,90,43,774. பதினைந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

இந்த விகிதத்தை எடுத்து 1777 கடன் மீது அப்படியே போட்டுவிடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியான முறை ஆகாது. பிந்திய கடன்களில் போலிக்கான ஆசை அதிகம், ஏனென்றால் விசாரணை இல்லாமலே டண்டாஸ் பணம் கொடுத்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஆனால் ஒன்று நிச்சயம். கேட்டுப் பார்த்தபோது பதினைந்தில் பதினான்கு பங்கு விழுந்தது. கேட்காமல் விட்ட 34 லட்சத்துச் சொச்சம் பவுண்டு முழுதாகச் செல்லுபடியானது.

கட்டியது யார் என்பதற்கு ஒப்பந்தங்களின் அட்டவணைகளைப் படிக்கவேண்டும். வரலாற்று மாணவர்கள் பலர் முன்னுரையோடு நிறுத்திவிடுவார்கள். 1792 ஜூலை 12ஆம் தேதி கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் நவாபோடு செய்த ஒப்பந்தத்தில் தனியார் கடனுக்கென்று ஆண்டுக்கு 6,21,105 வராகன் ஒதுக்கியிருக்கிறது. அதே ஒப்பந்தத்தில்தான் பாளையக்காரர்களிடமிருந்து பேஷ்கஷ் என்ற கப்பத்தை வசூலிக்கும் வேலையைக் கம்பெனி நவாபின் பேரில் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. வசூலாவதை நவாப் தரவேண்டிய கணக்கில் வரவு வைப்பது என்று ஏற்பாடு. பாஞ்சாலங்குறிச்சி கட்டபொம்மனிடம் கம்பெனியின் கலெக்டர் வந்து கப்பம் கேட்டதற்கு அதிகாரம் தந்தது இந்த உட்பிரிவுதான். மேடையிலும் திரையிலும் ‘வரி’ என்று நாம் கேட்டுப் பழகிய அந்தச் சொல்லுக்குப் பின்னால் சேப்பாக்கத்தின் பாக்கிக் கணக்கு இருக்கிறது. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இதைப் படித்தபோது எட்டையபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையிலான பகையும், தனிமனித மானமும் முக்கியமில்லை என்று நான் நினைக்கவில்லை. அவை இருந்தன. ஆனால் கலெக்டரின் ஒவ்வொரு தாக்கீதுக்கும் பின்னால் ஒரு தவணைத் தேதி இருந்தது. திருநெல்வேலி வருவாய்ப் பதிவுகளையும் கர்நாடகக் கடன் பதிவுகளையும் நமது ஆய்வாளர்கள் வெவ்வேறு துறை என்று வைத்துப் படிப்பதால் இந்தத் தொடர்பு பாடநூல்களுக்குள் வருவதில்லை. எழும்பூரில் இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. ஒன்றைக் கேட்டு வாங்குகிறவர் அடுத்த சீட்டில் மற்றதையும் எழுதிக் கொடுக்கலாம். 1792க்கும் 1799க்கும் இடைப்பட்ட பேஷ்கஷ் வசூலை, நவாபின் கணக்கில் வரவு வைத்த தேதிகளோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டு வருகிறேன். எந்தப் பாளையத்தின் எந்த ஆண்டுப் பணம் எந்தத் தவணையில் போய்ச் சேர்ந்தது என்பதை வரிசையாக எழுதும் வேலை அது. பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்கியிருக்கிறேன்.